சீரியல் வீட்டில் யாருக்கும் வயல் இல்லை: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் தொலைக்காட்சி, சினிமா, கடைவீதி ஆகியவற்றைப் பற்றியவை. ஆடித் தள்ளுபடி விளம்பரங்கள் காதைத் துளைக்கும் பருவம் என்பது காரணமாக இருக்கலாம். அவற்றிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (பாபநாசம் வாசகி): எங்கள் வீட்டில் மாலை ஆறரை மணிக்குத் தொடங்கும் சீரியல் இரவு பத்து மணி வரை ஓடுகிறது. மாமியாரும் நானும் சேர்ந்துதான் பார்க்கிறோம். இதைப் பார்த்துப் பார்த்துத்தான் வீட்டில் சண்டை வருகிறது என்கிறார் என் கணவர். சீரியல் குடும்பத்தைக் கெடுக்கிறதா?

பதில்: சண்டைக்குச் சீரியல் தேவையில்லை, அம்மா. பாகப்பிரிவினையும் வரப்புத் தகராறும் தொலைக்காட்சி வருவதற்கு முன்பே நம் பகுதி நீதிமன்றங்களை நிரப்பியிருந்தன. ஆகவே உங்கள் கணவரின் குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. சீரியல் மீது எனக்குள்ள குறை வேறு: அந்த வீடுகளில் யாரும் வேலை பார்ப்பதில்லை.

நம் பக்கத்து வீட்டுக் கூடம் ஒன்றில் மாலை ஏழு மணிக்கு நான்கு பேர் உட்கார்ந்தால் என்ன பேசுவார்கள்? மேட்டூரில் எத்தனை அடி நிற்கிறது, ஜூன் 12 அன்று திறப்பார்களா, கல்லணையிலிருந்து விட்ட தண்ணீர் கடைமடைக்கு எப்போது எட்டும், ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிவிட்டதென்று கொள்முதல் நிலையத்தில் யாருடைய நெல்லைத் திருப்பினார்கள் என்றெல்லாம் பேச்சு ஓடும். சீரியல் குடும்பத்திலோ ‘கம்பெனி’ என்று ஒன்று இருக்கிறது. அந்தக் கம்பெனி எதைச் செய்கிறது, எதை விற்கிறது என்பது 800 பகுதிகள் கடந்தும் தெரிவதில்லை. கையெழுத்திட வேண்டிய கோப்பு ஒன்று மட்டும் அங்கே உண்டு. அதுவும் வெள்ளிக்கிழமைதோறும் காணாமல் போகும்.

இதை எழுதுபவர்களின் அறியாமை என்று சொல்லிவிட முடியாது. ஒரே வீட்டுக்குள் படம்பிடித்தால் செலவு குறைவு. அதைவிட முக்கியம், இடையில் வரும் விளம்பரங்கள் விற்பது பட்டும் நகையும் சலவைத்தூளும் சுவர்ப்பூச்சும் என்பதால், கதையின் வீடும் அவற்றை வாங்கும் வீடாக இருந்தாக வேண்டும். நாற்று நட்டுவிட்டுச் சேறு படிந்த புடவையோடு வந்து வாசல் குழாயில் கால் கழுவும் பெண்ணைக் காட்டிவிட்டு, அடுத்த நொடியில் வைர மூக்குத்தியை விற்க முடியாது. நாடெங்கும் சில பத்தாயிரம் வீடுகளில் பொருத்தப்பட்ட மானிகள் யார் எதைப் பார்த்தார்கள் என்று கணக்கெடுக்க, பார்க் (BARC) என்ற அமைப்பு 2015 முதல் அந்தக் கணக்கை வெளியிட்டு வருகிறது. ஒரு பாத்திரம் சாக வேண்டுமா, நினைவிழந்து படுக்க வேண்டுமா என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கிறது.

சென்ற வாரம் ஒருநாள் கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஓர் அரைமணி நேர சீரியலைப் பார்த்தேன். விளம்பரத்துக்கு 9 நிமிடம், நேற்றைய கதையை மறுபடி காட்ட 2 நிமிடம், பாட்டுக்கும் பெயர்களுக்கும் 1 நிமிடம், நாளைக்கு வரப்போவதற்கு அரை நிமிடம். கதைக்கு மிஞ்சியது 17½ நிமிடம். மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகள் வரம்பு கட்டியிருக்கின்றன. அரைமணிக்கு 6 நிமிடம்தான் வருகிறது என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அந்த 17½ நிமிடத்தில் நடந்தது இது: மருமகள் காபி டம்ளரோடு மாடிப்படி ஏறுகிறாள்; மேலே மாமியார் தொலைபேசியில் பேசுவது காதில் விழுகிறது; டம்ளர் கைநழுவுகிறது. அது விழுவதை 3 கோணங்களிலும் காபி சிந்துவதை 2 கோணங்களிலும் காட்டிவிட்டு, கூடத்தில் நின்ற 6 பேரின் முகங்களையும் தனித்தனியே காட்டினார்கள். ஒவ்வொரு முகத்துக்கும் ஓர் இடியோசை. கையை விட்ட டம்ளர் தரையைத் தொட 50 விநாடி ஆயிற்று. சிந்திய காபியைத் துடைத்தது யார் என்பதைக் கடைசிவரை காட்டவில்லை.

உங்கள் மாமியாரோடு உட்கார்ந்து பார்ப்பதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். அந்த மூன்றரை மணி நேரமும் உங்கள் கணவர் கைப்பேசியில் என்ன பார்க்கிறார் என்பதை மட்டும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி (கும்பகோணம் வாசகர்): சென்னைக்குப் போகும் வழியெல்லாம் ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்ற பலகை. கும்பகோணத்திலேயே பிறந்து அறுபது வயதான எனக்கு அந்தக் காபியில் எங்கள் ஊர் தெரியவில்லை. இது ஏமாற்று இல்லையா?

பதில்: மைசூர்பாகை மைசூரில் கிண்டியதாக நினைத்து யாரும் வாங்குவதில்லை, ஊர்ப்பெயர் ஒரு பக்குவத்தின் பெயராக மாறுவது பழைய வழக்கம். அந்தப் பக்குவம் அங்கே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ‘டிகிரி’க்குப் பொருள் சொல்பவர்களில் பலரும் பால்மானியைக் காட்டுகிறார்கள்: தண்ணீர் கலக்காத பாலுக்கு மானி காட்டிய அளவே டிகிரி. முதல் டிக்காஷனைச் சொல்பவர்களும் உண்டு. சிக்கரிதான் டிகிரியாகத் திரிந்தது என்று வாதிடுபவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும் கொட்டை குடகிலிருந்தும் சிக்கமகளூரிலிருந்தும் வந்தது; கும்பகோணம் கொடுத்தது கறந்த பாலும் அப்போதைக்கப்போது இறக்கிய டிக்காஷனும் மட்டுமே. நெடுஞ்சாலைக் கடையில் பால் பாக்கெட்டிலிருந்து வருகிறது, டிக்காஷன் விடியற்காலையிலேயே மொத்தமாக இறக்கி வைத்தது. மிச்சமிருப்பது பித்தளை டபரா செட்.

அந்த டபராவைப் பார்க்கும்போது எனக்குச் சிறிது வெட்கமாகவும் இருக்கும். எங்கள் வீட்டில் பாட்டி புளி போட்டுத் துலக்கிய பித்தளைப் பாத்திரங்களை எவர்சில்வர் வந்த வேகத்தில் எடைக்குப் போட்டோம். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கும். நாம் எடைக்குப் போட்ட பழக்கத்தைத்தான் இப்போது வண்டியை ஓரம் கட்டிக் காசு கொடுத்து அருந்துகிறோம், டபராவைப் படமெடுத்து அனுப்பவும் செய்கிறோம். அங்கே துலக்குவது பாட்டியில்லை. கடைக்குப் பின்னால் குந்தியிருக்கும் ஒரு பையன்.

வீட்டுக்குத் தூள் வாங்கும்போது உறையைத் திருப்பிப் பாருங்கள். சிக்கரி கலந்த தூளில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. எவ்வளவு கலந்திருக்கிறது என்பதையும் அச்சிட்டாக வேண்டும். முன்பக்கத்தில் கோபுரப் படம் எத்தனை பெரிதோ, பின்பக்கத்தில் அந்த எண் அத்தனை சிறிதாக இருக்கும்.

கேள்வி (நன்னிலம் வாசகர்): 55 அங்குலத் தொலைக்காட்சி வாங்க வேண்டுமென்று மகன் பிடிவாதம் பிடிக்கிறான். விலை 36,000, வட்டியே கிடையாது, மாதம் 3,000 வீதம் 12 மாதம் கட்டினால் போதுமாம். சம்பா நெல் போட்ட பணம் வங்கியில் இருக்கிறது. அதைத் தொடாமல் தவணையில் வாங்குவது புத்திசாலித்தனம்தானே?

பதில்: கடைக்குப் போனதும் மொத்தப் பணமாகக் கொடுத்தால் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். நான் ஒரு கடையில் இதே விலையுள்ள பெட்டிக்குக் கேட்டபோது, 2,500 ரூபாய் குறைத்துத் தருவதாகத் தயங்காமல் சொன்னார்கள். தவணைக்கோ செயலாக்கக் கட்டணம் 999 ரூபாயை முன்கூட்டியே கட்ட வேண்டும். அப்படியானால் பெட்டியின் உண்மையான விலை 33,500. தவணையில் நீங்கள் கொடுப்பது 36,999. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துப் பார்த்தால் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 19 விழுக்காடு. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் மாதம் நூற்றுக்கு 1 ரூபாய் 60 காசு வட்டி. உங்கள் சம்பாப் பணமோ, பெரிய வங்கிகள் பலவற்றிலும் ஆண்டுக்கு 3 விழுக்காட்டைத் தாண்டாத சேமிப்புக் கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கிறது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. வட்டியில்லாக் கடன் என்ற ஒன்று கிடையாது, வட்டியைக் கட்டணத்துக்குள் ஒளித்து வாங்குகிறார்கள் என்று இந்திய ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு எழுதியது. வட்டியில்லாக் கடன் எதுவென்று உங்களுக்கே தெரியும்: கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கித் தவணைக்குள் கட்டுபவர் வட்டி கொடுப்பதில்லை, அவருக்காக அரசு கொடுக்கிறது. யாரோ ஒருவர் கொடுத்துத்தான் ஆக வேண்டும். தொலைக்காட்சிக் கடையில் உங்களுக்காகக் கொடுக்க யாரும் இல்லை. வாங்குவதென்று முடிவாகிவிட்டால் ரொக்கமாக வாங்குங்கள். 2006-இல் தொடங்கிய திட்டத்தில் அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குலப் பெட்டியில் தெரிந்த அதே டம்ளர்தான் இதிலும் விழப்போகிறது, கொஞ்சம் பெரிதாக.

கேள்வி (மயிலாடுதுறை வாசகி): அட்சய திருதியையன்று ஒரு கிராமாவது தங்கம் வாங்காவிட்டால் குறையா?

பதில்: இல்லை. அன்று தானம் கொடுப்பது பழைய வழக்கம்; நகைக்கடை வாசலில் விடிய விடிய வரிசையில் நிற்பது, விளம்பரங்கள் இந்தத் தலைமுறையில் பழக்கியது. நம் பக்கம் அறுவடைப் பணம் கரைந்து அடுத்த சாகுபடிக்குக் கை தேடும் கோடையில் அந்த நாள் வருகிறது என்பதையும் யோசியுங்கள். எந்த நாளில் வாங்கினாலும், ஹால்மார்க் முத்திரையோடு பொறித்திருக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்கக் குறியீட்டைச் சரிபார்த்து வாங்குங்கள்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி கல்லூரி மாணவர்): விவசாயிகளுக்காகப் பேசும் திரைப்படங்களை, வயலைக் கதாநாயகனுக்குப் பின்னணித் திரையாக மட்டும் விரிக்கும் ‘பச்சைத் துணி’ என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அவையாவது பேசுகின்றனவே, ஐயா?

பதில்: பேசுகின்றன, எழுதியதை நான் திரும்பப் பெறவில்லை. அந்தப் படங்களில் விவசாயி என்பவர் எப்போதும் நிலத்துக்குச் சொந்தக்காரர். ட்ரோன் கேமரா மேலே ஏறுகிறது, கீழே கண்ணுக்கெட்டிய மட்டும் பச்சை, நடுவே வேட்டியை மடித்துக் கட்டிய கதாநாயகன். வரிசையில் குனிந்து நடுகிற பெண்கள் பாட்டின் இரண்டாவது சரணத்தில் வந்து போகிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் பெயரில்லை, ஒரு வரி வசனமும் இல்லை. அன்றைக்கு என்ன கூலி என்று யாரும் கேட்பதில்லை.

இந்த மண்ணில் அந்தக் கேள்வி எப்படிப்பட்டது என்பது உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பண்ணையாட்களையும் குத்தகைதாரர்களையும் காப்பதற்கென்று தஞ்சை மாவட்டத்துக்கு மட்டும் 1952-இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்குப் பின்னும், கூலி உயர்வு கேட்டுப் போராடிய கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இன்று பல ஊர்களில் மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் நடவு நடுகிறார்கள். அறுவடையை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. இவையெல்லாம் ஒரு திரைக்கதையாசிரியருக்குக் கிடைக்கக்கூடிய பொக்கிஷங்கள். ட்ரோன் ஏறிய உயரத்திலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்படியொரு படத்தைத் திருச்சியில் ஒரு வணிக வளாகத் திரையரங்கில் பார்த்தேன். நெல்லுக்கு விலையில்லை என்று கதாநாயகன் செய்தியாளர்களிடம் முழங்கியபோது அரங்கமே கைதட்டியது. எனக்கு முன்வரிசைக்காரர் மடியில் இருந்த பாப்கார்ன் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார். அந்த வாளியின் விலை 250 ரூபாய். 2025-26 பருவத்தில் நம் கொள்முதல் நிலையங்களில் சாதாரண ரக நெல் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்பதால், அது 10 கிலோ நெல். ஆளுக்கொன்று என்று நான்கு பேர் கொண்ட குடும்பம் வாங்கினால் 40 கிலோ சாக்கு ஒன்று காலி.

கேள்வி (பட்டுக்கோட்டை வாசகர்): என் மகளுக்கு 11 வயது, நன்றாகப் பாடுவாள். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்கு அனுப்பலாமா? திருவையாற்றில் ஒரு வித்துவானிடம் மூன்று ஆண்டுகளாகப் பயில்கிறாள்.

பதில்: பாடுவதற்கு அனுப்பலாம், அழுவதற்கு அனுப்பாதீர்கள். இந்த நிகழ்ச்சிகளில் குழந்தை பாடுவது 3 நிமிடம். அப்பாவின் கடன், அம்மாவின் நோய், ஒழுகும் கூரை ஆகியவற்றை மெல்லிய வயலின் இசையோடு காட்டுவது 7 நிமிடம். உங்கள் வீட்டின் கூரையைப் படம்பிடிக்க வருவார்கள். முடியாது என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

சட்டம் சொல்வதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2017-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி குழந்தைக் கலைஞரை நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. 3 மணி நேரத்துக்கு மேல் ஓய்வின்றி வைத்திருக்கக் கூடாது. தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரிலேயே வங்கியில் வைப்புநிதியாகப் போட வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இவை ஒவ்வொன்றையும் கேளுங்கள். கேட்டதும் முகம் சுளிப்பவர்களிடம் குழந்தையை விட வேண்டாம்.

மூன்று ஆண்டுகள் பயிற்றுவித்த ஆசிரியர் என்ன நினைக்கிறார் என்பதை உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். உறவினர்கள் சொல்வதையும் ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். மகள் என்ன சொன்னாள் என்பதற்கு அந்த மூன்று பக்கங்களில் ஒரு வரிகூட இல்லை.