பாதி விலைச் சீஸ் பாஸ்தாவுக்கு ஆகுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஓவனில் சுட்டெடுக்கும் சீஸ் பாஸ்தாவைப் பற்றியவை. விடுமுறைக்கு வந்த பிள்ளைகளின் வேலை இது என்று கடிதங்களைப் படித்தாலே தெரிகிறது. சமையல் குறிப்பு கேட்டவர்களுக்கும் இடையில் பதில் இருக்கிறது.

கேள்வி: துபாயிலிருந்து வந்திருக்கும் பேரப்பிள்ளைகள் சீஸ் உருகி வழிகிற பாஸ்தா கேட்கிறார்கள். கடையில் துருவிய சீஸ் இரண்டு பாக்கெட் காட்டினார்கள். எடை ஒன்றுதான், ஆனால் ஒன்றின் விலை மற்றதில் பாதி. "உருகினால் எல்லாம் ஒன்றுதான் உம்மா" என்கிறார் கடைக்காரர். மலிவானதையே வாங்கலாமா? (கீழக்கரை வாசகி)

வாங்காதீர்கள். பாக்கெட்டின் முன்பக்கத்தை மறந்துவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வரவேண்டும் என்பது விதி. உண்மையான சீஸ் என்றால் பால் அல்லது சீஸ் முதலில் இருக்கும். பாதி விலைப் பாக்கெட்டில் பெரும்பாலும் தண்ணீர், தாவர எண்ணெய், ஸ்டார்ச் என்று வரிசை போகும். அது சீஸைப் போலச் செய்யப்பட்ட வேறு பண்டம். பால் கொழுப்பை எடுத்துவிட்டுத் தாவரக் கொழுப்பைச் சேர்த்ததைச் சீஸ் என்ற பெயரில் விற்கக் கூடாது. அதனால்தான் அந்தப் பாக்கெட்டுகளில் 'பீட்சா டாப்பிங்', 'அனலாக்' என்பது போன்ற பெயர்கள் இருக்கும். அவையும் பொடி எழுத்தில், படத்துக்குக் கீழே ஒளிந்திருக்கும். படத்தில் மட்டும் சீஸ் நூல் நூலாக இழுபடும்.

இழுபடுவதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். பால் புரதமான கேசினையும் எண்ணெயையும் சேர்த்துச் செய்ததும் அழகாக இழுபடும். கண்ணை நம்புவதைவிடச் சத்து அட்டவணையில் புரத வரியைப் பார்ப்பது நல்லது. மொசரெல்லாவில் 100 கிராமுக்குச் சுமார் 20 கிராம் புரதம் இருக்கும். ஸ்டார்ச்சும் எண்ணெயும் நிரப்பியதில் அந்த எண் சட்டென்று கீழே இறங்கிவிடும். உங்கள் கடைக்காரர் இந்த வரியைப் படித்திருக்க வாய்ப்பில்லை. அவர் மீது கோபப்பட வேண்டாம். பாக்கெட்டை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

துருவிய சீஸுக்குப் பதிலாகக் கட்டியாக வாங்குவது இன்னும் நல்லது. துருவல் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க அதன் மேல் செல்லுலோஸோ (தாவர நார்) ஸ்டார்ச்சோ தூவியிருப்பார்கள். பாக்கெட்டில் ஐஎன்எஸ் (உணவுச் சேர்க்கைப் பொருளின் எண்) 460 என்றிருந்தால் அது செல்லுலோஸ். உடலுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் உருகும்போது சீஸ் சீராகப் படராது, சாஸில் போட்டால் மணல் மணலாகத் தட்டுப்படும். கட்டியை அரை மணி நேரம் ஃபிரீசரில் வைத்துவிட்டுத் தேங்காய் துருவும் தட்டுத் துருவியில் தேய்த்தால் வேலை முடிந்தது.

ஒரே வகைச் சீஸை அள்ளிப் போடுவதும் வீண் செலவு. மொசரெல்லா இழுபடும், ஆனால் சப்பென்றிருக்கும். சாதாரண பிராசஸ்டு சீஸ் கட்டியில் உப்பும் சுவையும் உண்டு. அதில் சேர்க்கும் குழம்பாக்கி உப்புகளால் பாலில் திரியாமல் கரையும். ஆகவே சாஸுக்குள் பிராசஸ்டு சீஸ், மேலே தூவ மொசரெல்லா. 250 கிராம் பாஸ்தாவுக்கு இரண்டும் சேர்ந்து 200 கிராம் போதும். இந்தப் பண்டத்தில் பணம் செலவழிக்க வேண்டிய ஒரே இடம் இதுதான். பாஸ்தாவிலும் பாத்திரத்திலும் மிச்சம் பிடியுங்கள், சீஸில் பிடிக்காதீர்கள்.

கேள்வி: சீஸ் உறைய வைக்கக் கன்றின் வயிற்றுப் பொருளைச் சேர்ப்பார்கள் என்று மச்சான் சொல்கிறார். எப்படித் தெரிந்துகொள்வது? (தொண்டி வாசகர்)

உங்கள் மச்சான் சொல்வது சில சீஸ்களுக்குப் பொருந்தும். பால் உறையச் சேர்க்கும் ரெனெட் கன்றின் இரைப்பையிலிருந்தும் வரலாம், நுண்ணுயிரிலிருந்தும் தயாரிக்கப்படலாம். இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ கன்றின் ரெனெட்டில்தான் செய்யப்படுகிறது. இந்தியாவில் பொட்டலமிட்டு விற்கும் சீஸில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் அதில் விலங்கு ரெனெட் கிடையாது. வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வரும் சீஸில் அந்த முத்திரை இருக்காது. அங்கே சேர்மான வரியைத்தான் படிக்க வேண்டும். இன்னொன்று, உறவினர் கொண்டுவந்து கொடுத்தால் சாப்பிடலாம். அதே பாக்கெட்டைக் கடையில் விற்றால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் ஆகியவை ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஒன்றும் ஒட்டாத பாக்கெட்டுக்குப் பில்லும் தரமாட்டார்கள். கெட்டுப்போயிருந்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

கேள்வி: எந்தப் பாஸ்தா நல்லது? (ஏர்வாடி)

'டியூரம் கோதுமை ரவை' என்று சேர்மானத்தில் இருப்பது. டியூரம் என்பது கடினமான ஒரு வகைக் கோதுமை. மைதாவில் செய்தது ஓவனுக்குள் இரண்டாம் முறை வேகும்போது குழைந்து களியாகிவிடும். டியூரத்தில் உள்நாட்டுத் தயாரிப்பே போதும். இத்தாலியப் பாக்கெட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை சாஸுக்கும் சீஸுக்கும் அடியில் காணாமல் போய்விடும். பாஸ்தாவுக்கும் சீஸுக்கும் 22.9.2025 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். பில்லில் அதற்கு மேல் போட்டிருந்தால் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் குழாய்த் தண்ணீர் உப்பு. எப்படியும் உப்புப் போட்டுத்தானே பாஸ்தா வேகவைக்கிறோம், அந்தத் தண்ணீரிலேயே வேகவைத்தால் என்ன? (தேவிபட்டினம்)

கரையோர நிலத்தடி நீரின் உப்பில் கைப்பும் கலந்திருக்கும். பாஸ்தா அதை உறிஞ்சிக்கொண்டு சாஸ் வரைக்கும் கொண்டுபோகும். குடிக்கிற தண்ணீரில் வேகவையுங்கள். விலை கொடுத்து வாங்கும் தண்ணீர் என்பதால் அண்டா நிறைய வேண்டாம். 250 கிராமுக்கு ஒன்றரை லிட்டர் போதும், அடிக்கடி கிளறிவிட்டால் ஒட்டாது. வடித்த நீரில் ஒரு கோப்பையைச் சாஸுக்கு எடுத்துவையுங்கள்.

கேள்வி: மைக்ரோவேவ் இருக்கிறது. இதற்கென்று ஓடிஜி (மேசை மேல் வைக்கும் சிறிய மின் ஓவன்) வாங்க வேண்டுமா? எத்தனை லிட்டர்? கடலோரத்தில் எல்லாம் துருப்பிடிக்கிறதே? (இராமேஸ்வரம்)

உங்கள் மைக்ரோவேவில் 'கன்வெக்ஷன்' (சூடான காற்றைச் சுழற்றிச் சுடும் வசதி) என்று இருந்தால் வேண்டாம், அதுவே போதும். வெறும் சூடாக்கும் வகை என்றால் சீஸ் உருகும், சிவக்காது. மேலே அந்தப் பழுப்புப் பொருக்கு இல்லாவிட்டால் அது வெறும் சீஸ் பாஸ்தாதான்.

வாங்குவதானால் நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு 25 லிட்டர் அளவு தாராளம். மேல் கம்பியும் கீழ்க் கம்பியும் தனித்தனியாக எரியும் வசதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சுழலும் கிரில் கம்பி, உள்விளக்கு எல்லாம் விலையைக் கூட்டும் அலங்காரங்கள்.

கடைக்காரர் சொல்லாத விஷயம் பிளக். 1500 வாட் ஓடிஜி 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். சுவரில் இருக்கும் சிறிய 6 ஆம்பியர் பிளக் அதற்குத் தாங்காது; மிக்சி ஓடும் எக்ஸ்டென்ஷன் பெட்டி அறவே கூடாது. 16 ஆம்பியர் பவர் பிளக் சமையலறையில் இல்லையென்றால் எலக்ட்ரீஷியன் கூலியையும் ஓவன் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். மின்சாரச் செலவுக்குப் பயப்பட வேண்டாம்: 40 நிமிடம் இடைவிடாமல் எரிந்தாலும் ஒரு யூனிட்தான்.

துரு உண்மையான கவலைதான். உப்புக் காற்று நுழையும் ஜன்னலை ஒட்டி வைக்காதீர்கள். ஆறியதும் ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியாலும் துடையுங்கள். வாரண்டி அட்டையில் துரு விலக்கப்பட்டிருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள். பழுது பார்க்கத் தீவுக்கு ஆள் வருவார்களா, நாம்தான் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டு, பில்லின் பின்புறம் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: இறால் போட்டுச் செய்தால் சாஸ் நீர்த்துப்போகிறது. அளவோடு செய்முறை சொல்லுங்கள். (மண்டபம்)

தப்பு சாஸில் இல்லை, பச்சை இறாலை அப்படியே போடுவதில் இருக்கிறது. அரைக் கிலோ இறால் வாங்கினால் தலையும் ஓடும் போகப் பாதிதான் தேறும், அது போதும். மஞ்சள், மிளகு, தட்டிய பூண்டு பிரட்டிக் காய்ந்த சட்டியில் நிறம் மாறும் வரைக்கும் மட்டும் வதக்கி இறக்குங்கள். முழுதாக வெந்துவிட்டால் ஓவனுக்குள் ரப்பராகிவிடும். அது விட்ட நீரைத் தனியே வடித்து, சாஸ் காய்ச்சும்போது பாலோடு சேர்த்துவிடுங்கள்.

40 கிராம் வெண்ணெயில் 40 கிராம் மைதாவைப் பச்சை வாசனை போகும் வரை வறுத்து, முக்கால் லிட்டர் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டியில்லாமல் கிளறுங்கள். ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட் 6 சதவீதக் கொழுப்புள்ள பால், அதிலேயே சாஸ் செழிப்பாக வரும். தனியாக கிரீம் வாங்க வேண்டியதில்லை. பிராசஸ்டு சீஸைக் கரைத்த பிறகு ருசி பார்த்து உப்பைத் தீர்மானியுங்கள், முன்பே போட்டால் கரிக்கும். பாஸ்தாவைப் பாக்கெட்டில் சொன்னதற்கு இரண்டு நிமிடம் முன்பே வடித்துவிடுங்கள். எல்லாவற்றையும் கலக்கும்போது, இவ்வளவு தளர்வாக இருக்கிறதே என்று தோன்றவேண்டும். மிச்சத்தை ஓவனில் பாஸ்தா குடித்துக்கொள்ளும். கெட்டியாகத் தெரிந்தால் எடுத்துவைத்த வடிநீரை ஊற்றுங்கள். மேலே மொசரெல்லா தூவி 190 டிகிரியில் 20 நிமிடம், பிறகு மேல் கம்பியில் மட்டும் மூன்று நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடமும் ஓவன் அருகிலேயே நில்லுங்கள். பத்து நிமிடம் ஆறவிட்டுப் பரிமாறுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை என்பதால் அப்போது இறால் விலை ஏறும். உறைந்த இறால் வாங்கினால், மேலே பூசிய பனிக்கட்டி நீங்கிய எடைதான் நிகர எடையாகப் பாக்கெட்டில் இருக்க வேண்டும். சந்தேகமிருந்தால் வீட்டில் உருகவிட்டு நிறுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஓவனே இல்லை. பிரியாணிக்குத் தம் போடுவது போல மூடி மேல் தணல் போட்டுச் செய்யலாமா? (பெரியபட்டினம்)

தாராளமாக. மேலிருந்து சூடு வருவதுதான் இங்கே தேவை, தணல் அதைச் செய்யும். கனமான சட்டி, தட்டையான இரும்பு மூடி, கீழே மிகச் சிறு தீ. முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள். அடைத்த அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், உயிருக்கே ஆபத்து. அலுமினியச் சட்டி மட்டும் வேண்டாம், தக்காளி சேர்த்தால் அதன் புளிப்பு உலோகத்தைக் கரைக்கும். தணலும் இல்லையென்றால் ரஸ்க்கைப் பொடித்து வெண்ணெயில் சிவக்க வறுத்துப் பரிமாறும்போது மேலே தூவுங்கள். மொறுமொறுப்புக்குக் குறை இருக்காது.

கேள்வி: 'ஓவனில் வைக்கலாம்' என்று விளம்பரம் செய்த கண்ணாடிப் பாத்திரத்தை ஆன்லைனில் வாங்கினேன். முதல் முறையே விரிசல். நான் தவறாகப் பயன்படுத்தியதாகச் சொல்லி விற்றவர் மறுக்கிறார். (உச்சிப்புளி)

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நேரே சூடான ஓவனில் வைத்தீர்களா? சூட்டோடு ஈர மேடையில் இறக்கினீர்களா? அப்படியானால் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு; திடீர் வெப்ப மாற்றத்தைப் பெரும்பாலான கண்ணாடிகள் தாங்குவதில்லை, போரோசிலிகேட் என்ற வகைக் கண்ணாடி ஓரளவு தாங்கும். இரண்டும் இல்லையென்றால் விடாதீர்கள். துண்டுகளை எறியாமல் படம் எடுங்கள். அந்த விளம்பரப் பக்கத்தையும், அவர்கள் மாற்றுவதற்கு முன், படமாகச் சேமியுங்கள். இணைய நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதினால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதிலும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தரவேண்டும் என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. அதிலும் நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேல் இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போடவேண்டும். ஒரு பாத்திரத்துக்கு இவ்வளவா என்றால், 1915க்கு அழைத்த அளவிலேயே பணம் திரும்பி வந்துவிடுவதும் உண்டு.

கேள்வி: மேலே தூவச் சில்லி ஃபிளேக்ஸ் எந்தக் கம்பெனி நல்லது? (சாயல்குடி)

சாயல்குடியில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா! 2023இல் புவிசார் குறியீடு பெற்ற குண்டு மிளகாய் உங்கள் ஊர்ச் சந்தையில் கிடைக்கிறது. வெயிலில் காய்ந்ததை வெறும் சட்டியில் லேசாகச் சூடேற்றி, காம்பைக் கிள்ளி, பாதி விதையை உதறிவிட்டு மிக்சியில் இரண்டு சுற்று. காரம் கூடுதல் என்பதால் பிள்ளைகள் தட்டில் மட்டும் பார்த்துத் தூவுங்கள்.