வாசகர் கேள்வி – பதில்: செயற்கை நுண்ணறிவும் நம் வேலைகளும்

கேள்வி: எண்பதுகளில் வங்கிகளில் கணினி நுழைந்தபோது எழுத்தர்கள் எல்லோரும் வேலையிழப்பார்கள் என்று சங்கங்கள் போராடின. அப்படி எதுவும் நடக்கவில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவைப் பற்றி எழும் அச்சமும் அதே வகைதானே?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், திருநெல்வேலி

பதில்: கணினியைக் காரணம் காட்டி, பணியில் இருந்த எழுத்தர்களை வங்கிகள் வெளியேற்றவில்லை என்பது சரியே. 1983-இல் சங்கங்களோடு செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தமும், அதையடுத்து 1984-இல் ரிசர்வ் வங்கி அமைத்த சி. ரங்கராஜன் குழு அளித்த அறிக்கையும் கணினி படிப்படியாக நுழையவே வழிவகுத்தன. அந்த நிதானத்தைப் பெற்றுத் தந்ததில் சங்கங்களின் எதிர்ப்புக்கும் பங்குண்டு என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஆனால் வேலையின் உள்ளே நிகழ்ந்த மாற்றத்தைத் தாங்கள் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். காசோலையை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுப்பவர் ஒருவர், லெட்ஜரில் பற்று எழுதுபவர் ஒருவர், மாதிரிக் கையொப்ப அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து அனுமதிப்பவர் ஒருவர், பணத்தை எண்ணித் தருபவர் ஒருவர் என்று நான்கு கை மாறிய வேலை, ஒரே முகப்பில் ஒருவரே முடித்துவிடும் வேலையாகச் சுருங்கியது. அரையாண்டு முடிவில் சேமிப்புக் கணக்குகளுக்குக் கையால் வட்டி போட்டு, கூட்டுத்தொகை ஒத்துப்போகும்வரை இரவு வெகுநேரம் கிளையிலேயே உட்கார்ந்திருந்த வழக்கமும் மறைந்தது. பிறகு 2000-01-இல் பொதுத்துறை வங்கிகள் கொண்டுவந்த விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஏறத்தாழ 1 லட்சம் பேர் வெளியேறினார்கள். 2001-இல் வங்கிப் பணியாளர் தேர்வு வாரியங்கள் கலைக்கப்பட்டன. வங்கிகளுக்கான பொதுத் தேர்வு மறுபடியும் வந்தது 2011-இல்தான். இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியில் எழுத்தர் நியமனம் மிகவும் அருகிப் போயிருந்தது. பட்டம் பெற்று, தட்டச்சில் உயர்நிலை தேறி, வங்கி வேலைக்காகக் காத்திருந்தே வயது வரம்பைக் கடந்துவிட்டவர்கள் எந்த வேலையிழப்புக் கணக்கிலும் சேரமாட்டார்கள். அவர்களுக்கு இழப்பதற்கென்று ஒரு வேலை கிடைத்திருக்கவே இல்லை. இன்றும் நான் கவலைப்படுவது இந்த வரிசையில் நிற்பவர்களைப் பற்றித்தான்.

ஏ.டி.எம். வந்தும் அமெரிக்காவில் காசாளர் எண்ணிக்கை குறையவில்லை என்ற வாதத்தையும் பலர் முன்வைக்கிறார்கள். 1988-க்கும் 2004-க்கும் இடையில் அங்கே நகரக் கிளை ஒன்றுக்குச் சராசரியாக 20 ஆக இருந்த காசாளர்கள் 13 ஆகக் குறைந்தார்கள் என்பதும், கிளை நடத்தும் செலவு குறைந்ததால் வங்கிகள் 40 விழுக்காட்டுக்கும் மேல் கூடுதலாகக் கிளைகளைத் திறந்தன என்பதும், அதனால் மொத்த எண்ணிக்கை சரியாமல் நின்றது என்பதும் உண்மையே. ஆனால் கைப்பேசியிலேயே வங்கி வேலையை முடித்துக்கொள்ளும் காலம் வந்ததும் கிளைகளும் குறைந்தன, காசாளர்களும் குறைந்தார்கள். பணம் எண்ணித் தருவதை மட்டும் இயந்திரம் எடுத்துக்கொண்டவரை மனிதருக்கு வேறு வேலை மிச்சமிருந்தது. கிளைக்கு வரவேண்டிய தேவையே போனபோது அந்த மிச்சமும் போயிற்று. எழுதவும் சுருக்கவும் ஒப்பிடவும் பதில் சொல்லவும் வல்ல ஒரு கருவியைப் பார்க்கும்போது, இந்த இரண்டாவது பகுதியையும் சேர்த்தே நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: 47 விழுக்காடு வேலைகள் அழியும் என்று எங்கு பார்த்தாலும் சொல்கிறார்களே, அதை நம்பலாமா?
– கல்லூரி மாணவர், கும்பகோணம்

பதில்: அந்த எண், ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஃப்ரே, ஆஸ்பர்ன் ஆகிய இருவர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் வருவது. அமெரிக்காவின் 702 வகை வேலைகளை ஆராய்ந்து, அவற்றில் தானியங்கிமயமாகும் வாய்ப்பு மிகுந்தவற்றில் 47 விழுக்காட்டு உழைப்பாளர்கள் இருப்பதாக அவர்கள் மதிப்பிட்டார்கள்; அத்தனை வேலைகளும் அழியும் என்றோ, இத்தனையாம் ஆண்டுக்குள் அழியும் என்றோ அவர்கள் கூறவில்லை. வேலையை முழுதாக எடுத்துக்கொள்ளாமல் அதற்குள் அடங்கிய பணிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வு, 2016-இல், பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட ஓ.இ.சி.டி. அமைப்பின் நாடுகளில் சராசரியாக 9 விழுக்காட்டு வேலைகளே அப்படிப்பட்டவை என்ற முடிவுக்கு வந்தது. இந்த எண்களில் எதையும் கொண்டு நீங்கள் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

கேள்வி: என் மகள் பி.காம். இறுதியாண்டு படிக்கிறாள். பட்டயக் கணக்காளர் ஆக வேண்டும் என்பது அவள் விருப்பம். கணக்கு வேலையையெல்லாம் இனி மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். நான் அவளுக்கு என்ன சொல்வது?
– வாசகி, ஈரோடு

பதில்: சேரட்டும், அம்மா. நிறுவனங்களின் தணிக்கை அறிக்கையில் கையொப்பமிட்டு அதற்குப் பொறுப்பேற்கும் உரிமை சட்டப்படி பட்டயக் கணக்காளருக்கே உரியது. அந்தப் பொறுப்பை எந்த மென்பொருளும் ஏற்க முடியாது. ஆயினும் அந்த நிலையை எட்டும் வழியில் ஒரு சிக்கல் உருவாகி வருகிறது, அதை உங்கள் மகள் இப்போதே அறிந்திருப்பது நல்லது.

தணிக்கை அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேரும் பிள்ளைகள் முதலில் செய்வது, கொள்முதல் பதிவேட்டை, விற்றவர்கள் காட்டிய பில்களைத் தொகுத்து ஜி.எஸ்.டி. தளத்தில் வரும் 2பி அறிக்கையோடு வரி வரியாக ஒப்பிடுவது, வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது, வவுச்சர் கட்டுகளைப் புரட்டுவது ஆகியவைதான். ஒரே பில் இரண்டு முறை ஏறியிருப்பதையும், ஏப்ரலில் வரவேண்டிய விற்பனை மார்ச் கணக்கில் நுழைந்திருப்பதையும் கண்டுபிடித்துக் கண்டுபிடித்தே அவர்களுக்குக் கண் பழகுகிறது. இந்த ஒப்பீடுகளைச் சில நிமிடங்களில் முடித்துத் தரும் மென்பொருள்கள் வந்துவிட்ட நிலையில், கணக்கு பார்க்கும் பக்குவத்தைப் பிள்ளைகள் எங்கே பெறுவார்கள் என்று பல அலுவலகங்கள் யோசிப்பதாகத் தெரியவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்கச் சம்பளப் பட்டியல் தரவுகளைக் கொண்டு 2025-இல் வெளியிட்ட ஆய்வு, செயற்கை நுண்ணறிவின் தாக்கம் மிகுந்த வேலைகளில் 22 முதல் 25 வயதுக்குட்பட்டோருக்கான வேலைவாய்ப்பு ஒப்பீட்டளவில் 13 விழுக்காடு குறைந்ததாகவும், அதே வேலைகளில் இருக்கும் மூத்தவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை என்றும் கண்டது. இதில் என்னை வருத்துவது இன்னொரு செய்தி. வாடிக்கையாளர் சேவைப் பணியாளர்கள் 5,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2023-இல் வெளிவந்த ஆய்வில், இத்தகைய கருவியால் வேலைத்திறன் சராசரியாக 14 விழுக்காடு உயர்ந்தபோது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் திறன் குறைந்தவர்களுக்கும் அது 34 விழுக்காடு உயர்ந்தது. இளையவர்களுக்கே மிகுதியாகக் கைகொடுக்கக்கூடிய ஒரு கருவி, அவர்களைச் சேர்க்காமல் இருப்பதற்கான காரணமாக மாறுகிறது என்றால், அது முதலாளிகள் எடுக்கும் முடிவேயன்றிக் கருவியின் இயல்பன்று.

ஆகவே உங்கள் மகள் பயிற்சிக்கு அலுவலகம் தேடும்போது, அங்கே இளையவர்கள் கணக்குப் புத்தகத்தைத் தாங்களே திறந்து பார்க்கிறார்களா, மென்பொருள் தரும் பட்டியலை நகலெடுத்து வைப்பதோடு சரியா என்று விசாரித்துக்கொள்ளட்டும். சேர்ந்த பிறகு, மென்பொருளின் விடையைப் பார்ப்பதற்கு முன் ஒரு மாதக் கணக்கையாவது கையால் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கிடங்குக்கு நேரில் போய்ச் சரக்கிருப்பை எண்ணும் வாய்ப்பு வந்தால் தவறவிட வேண்டாம். தாளில் இருக்கும் மூட்டை தரையில் இல்லை என்பது அங்கேதான் தெரியவரும்.

கேள்வி: மென்பொருள் நிறுவனமொன்றில் ஆறு ஆண்டுகளாக வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் இருக்கிறேன். புதிய செயற்கை நுண்ணறிவுக் கருவி வந்துவிட்டதால் எங்கள் குழுவில் சிலரை ராஜினாமா கடிதம் கொடுக்கச் சொல்கிறார்கள். எங்களுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டா?
– வாசகர், சென்னை

பதில்: உண்டு, ஆனால் அளவாகத்தான் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, ஆட்குறைப்புக்கு இட்டுச் செல்லக்கூடிய தொழில்நுட்ப மாற்றத்தைக் கொண்டுவரும் நிர்வாகம் 21 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஓராண்டு தொடர்பணி முடித்த தொழிலாளரை ஆட்குறைப்புச் செய்தால், ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான ஊதியமும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தரவேண்டும். இவற்றோடு, வேலையிழந்தவர்கள் புதிய திறன் கற்பதற்கென உள்ள மறுதிறன் நிதிக்கு நிர்வாகம் செலுத்தவேண்டிய 15 நாள் ஊதியம் 45 நாட்களுக்குள் உங்கள் கணக்கில் சேரவேண்டும். 300 பேருக்குக் குறையாமல் உள்ள இடங்களில் அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்கே பொருந்தும்; மென்பொருள் நிறுவனங்கள் அதில் வரவில்லை என்பது பெரிய குறை என்றே கருதுகிறேன். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள். ஆகவே உங்கள் பதவியின் பெயரைக் காட்டிலும் நீங்கள் அன்றாடம் செய்யும் வேலை என்ன என்பதற்கான சான்றுகள் முக்கியம்.

ஹாலிவுட் திரைக்கதையாசிரியர்கள் 2023-இல் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து, செயற்கை நுண்ணறிவை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதற்கான வரம்புகளைத் தங்கள் ஒப்பந்தத்திலேயே எழுத வைத்தார்கள். அவர்களால் அது முடிந்தது சங்கமாக நின்றதால்தான். தகவல் தொழில்நுட்ப ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்பதைத் தமிழக அரசு 2016-இலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது.

உடனடியாக நீங்கள் செய்யவேண்டியது ஒன்று உண்டு. நீங்களாகவே ராஜினாமா செய்தால் அது ஆட்குறைப்பு ஆகாது. மேலே சொன்ன இழப்பீட்டில் எதையும் கேட்க முடியாமல் போகும். கடிதத்தில் கையொப்பமிடாதீர்கள். ராஜினாமா செய்யும்படி கேட்பதன் காரணத்தை மின்னஞ்சலில் எழுதித் தரும்படி கேளுங்கள். நியமன ஆணை, சம்பளச் சீட்டுகள், பணி மதிப்பீட்டு அறிக்கைகள் ஆகியவற்றின் நகல்களை எடுத்துக்கொண்டு, இந்த வாரமே தொழிலாளர் நலத்துறையின் சமரச அலுவலரையோ தொழிலாளர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞரையோ சந்தியுங்கள்.