எந்த ரிப்போர்ட் என்று குவெரியிலேயே எழுதிவிடுங்கள்

வணக்கம் நண்பரே. நாற்பது ரிப்போர்ட்டும் ஒரே யூசரில் ஓடுவதால், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைத் திணறடிக்கும் குவெரி எந்த ரிப்போர்ட்டினுடையது என்று பிடிபடவில்லை என்கிறீர்கள். இதற்காக நானும் பல ராத்திரி கண்விழித்திருக்கிறேன்.

ஒவ்வொரு குவெரியின் தலையிலும் /* ரிப்போர்ட்: மாத விற்பனை */ என்று ஒரு கமெண்ட் போடுங்கள். வாலில் வேண்டாம். இப்போது ஓடும் குவெரிகளைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி, செட்டிங்கை மாற்றாதவரை, 1024 பைட்டோடு குவெரியை வெட்டிவிடும். நீளமான ரிப்போர்ட் குவெரியில் வால் தெரியவே தெரியாது.

ஓடிய குவெரிகளின் கணக்கை வைக்கும் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸை மட்டும் நம்பி இறங்காதீர்கள். கமெண்ட் வேறாக இருந்தாலும் குவெரி ஒன்றென்றால் ஒரே வரியில் சேர்த்துவிடும், முதலில் பதிந்த வாசகமே நிற்கும். குறித்த நேரத்துக்கு மேல் ஓடும் குவெரியை லாகில் எழுதும் செட்டிங்கான லாக்_மின்_டியூரேஷன்_ஸ்டேட்மென்ட்டை 5 விநாடிக்கு வைத்து லாகைப் பாருங்கள். அங்கே கமெண்ட் அப்படியே விழும்.

குவெரியில் கைவைக்க விடாத டூல் என்றால், ஒவ்வொரு ரிப்போர்ட்டின் கனெக்‌ஷனிலும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் தெரியும் பெயரான அப்ளிகேஷன்_நேமை மாற்றிக் கொடுங்கள்.