வக்கீல் எப்போது வேண்டும்?

கேள்வி: ஒட்டன்சத்திரத்திலிருந்து திருச்சூருக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறேன். வடக்கஞ்சேரி அருகே அதிவேகம் என்று லாரிக்கு இ-சலான் வந்திருக்கிறது. வக்கீல் இல்லாமல் நானே எதிர்க்கலாமா?

பதில்: தாராளமாக, தம்பி. ஆனால் முதலில் சலானில் உள்ள போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோவிந்தாபுரத்தில் எங்கள் புக்கிங் ஆபீசுக்கு வந்த ஒரு சலானில் நின்றது யாரோ ஒருவருடைய டிப்பர். நம்பர் பிளேட்டில் சேறு அப்பி, 3 என்பது 8 மாதிரித் தெரிந்திருக்கிறது. இதற்கெல்லாம் வக்கீல் எதற்கு? மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் இணையதளத்திலேயே புகார் பகுதி உண்டு. ஆர்.சி., உங்கள் லாரியின் போட்டோ, பன்னியங்கரை டோலில் ஃபாஸ்டாக் பிடித்த நேரம் எல்லாவற்றையும் ஏற்றுங்கள். கேமராவுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்று வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ, அதையும் கேட்கலாம்.

உண்மையிலேயே வேகமாக மிதித்திருந்தால் அபராதத்தைக் கட்டிவிடுங்கள். கனரக வண்டிக்குச் சட்டத்தில் 2,000 முதல் 4,000 ரூபாய். கோர்ட்டுக்கு அலைந்தால் அன்றைய வாடகை போச்சு. இரண்டாவது முறை மாட்டியிருந்தால் மட்டும் வக்கீல் வையுங்கள், அப்போது லைசென்ஸையே பறிமுதல் செய்ய இடமுண்டு.

அப்புறம், ஓனர் அவசரப்பட்டுப் பணம் கட்டிவிட்டால் வழக்கு அத்தோடு முடிந்துவிடும், பிறகு எதிர்க்க முடியாது. எதிர்ப்பதாக இருந்தால், கட்ட வேண்டாம் என்று இன்றே போன் போட்டுச் சொல்லிவையுங்கள்.