நாட்டு மருந்தும் ஹோமியோபதியும் ஒன்றா?
“ரெண்டுமே இயற்கை மருந்துதானே?” என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் நிலவேம்புக் குடிநீர்ப் பொடி வாங்கிக் கொதிக்க வையுங்கள். ஒரு மடக்கிலேயே முகம் சுளிக்கும். அந்தக் கசப்பு செடியின் சத்து; நிஜமாகவே வயிற்றுக்குள் போகிறது. அதனால்தான் மூலிகை அளவு மீறினால் கெடுதலும் செய்யும், சில மாத்திரைகளோடு ஒத்தும் போகாது.

ஹோமியோபதி 1796-இல் ஜெர்மனியில் ஹானிமன் என்ற மருத்துவர் முன்வைத்தது. மூலப்பொருள் செடிதான் என்றில்லை. தேனீ, பாம்பு விஷம்கூட உண்டு. மருந்தின் பெயரோடு 30சி என்று போட்டிருந்தால், மூலப்பொருள் ஒரு பங்குக்கு 99 பங்கு ஆல்கஹாலோ தண்ணீரோ சேர்த்துக் குலுக்கி, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடியும் அப்படியே, மொத்தம் 30 தடவை. பதின்மூன்றாம் தடவைக்குள் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவதே சந்தேகம். அப்புறம் அதைச் சர்க்கரை உருண்டையில் சொட்டு விடுகிறார்கள். பிள்ளைகள் இன்னும் நாலு கேட்பது அதனால்தான்; நிலவேம்பை யாரும் கேட்டு வாங்கிக் குடித்து நான் பார்த்ததில்லை.