தவக்குலும் வக்காலத்தும்

கேள்வி: பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். தேர்வு நெருங்கினால் தூக்கம் போய்விடுகிறது, கை நடுங்குகிறது. "உண்மையான தவக்குல் (இறைவனை நம்பிப் பொறுப்பை அவனிடம் ஒப்படைப்பது) இருந்தால் பதற்றமே வராது, உனக்கு ஈமான் (இறைநம்பிக்கை) குறைவு" என்கிறார் அறைத்தோழர். அப்படித்தானா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: இல்லவே இல்லை.

முதலில் அந்தத் 'தவக்குல்' என்ற சொல்லுக்கு வருகிறேன். நாம் அன்றாடம் புழங்கும் வக்கீல், வக்காலத்து இரண்டும் அதே அரபு வேரில் பிறந்தவை. (மேலே போட்டிருக்கிறேனே 'பதில்', அதுவும் அரபிச் சொல்தான். சொல் பிறந்த கதை என்றால் எனக்குப் பக்கம் போதாது.) "ஹஸ்புனல்லாஹு வநிஃமல் வகீல்" என்கிறது குர்ஆன். அல்லாஹ் நமக்குப் போதுமானவன், பொறுப்பேற்பவர்களில் அவனே சிறந்தவன்.

சரி, வக்காலத்து எழுதிக் கொடுத்தவர் அதோடு வீட்டில் படுத்துவிடுகிறாரா? பத்திரங்களைத் தேடி எடுத்துக் கொடுக்கிறார், வாய்தா நாளில் போய் நிற்கிறார். தீர்ப்பு மட்டும்தான் அவர் கையில் இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பவா, அவிழ்த்துவிட்டு நம்பவா என்று கேட்டவரிடம் நபிகள் நாயகம் (ஸல்) "கட்டிவிட்டு நம்பு" என்றார்கள். திர்மிதீ நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. தவக்குலை 'விதிப்படி நடக்கட்டும்' என்று மொழிபெயர்ப்பவர்களோடு எனக்குப் பல வருடச் சண்டை. முன்பு இதை எழுதியபோது இரண்டு வாசகர்கள் கோபமாகக் கடிதம் போட்டார்கள். இன்றும் அதையேதான் சொல்கிறேன்.

அடுத்து, பதறினால் ஈமான் குறைவு என்ற பேச்சு. குர்ஆனில் யூசுஃப் அத்தியாயத்தை எடுங்கள். ஒரே வாசலால் நுழையாதீர்கள், வெவ்வேறு வாசல்களால் போங்கள் என்று மகன்களுக்கு யோசனை சொல்லிவிட்டு, "அவன் மீதே தவக்குல் வைத்தேன்" என்கிறார் யஃகூப் நபி. இது 67ஆம் வசனம். 84ஆம் வசனத்தில் அதே யஃகூப், பிரிந்துபோன மகன் யூசுஃபை நினைத்துத் துயரத்தில் கண்கள் வெளுத்துப்போய் இருக்கிறார். அவருக்கும் ஈமான் குறைவு என்பாரா உங்கள் தோழர்? கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும், இயலாமையிலிருந்தும் சோம்பலிலிருந்தும் பாதுகாப்புத் தேடி நபியவர்கள் கேட்ட துஆ (பிரார்த்தனை) புகாரி நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. கவலையே வராத மனிதருக்கு அந்த துஆ எதற்கு?

இரவு இரண்டு மணிக்கு ஒரே பத்தியை நான்காம் முறை படித்தும் மண்டையில் ஏறவில்லை என்றால் புத்தகத்தை மூடிவிடுங்கள். அதற்கு மேல் விழித்துக் கிடப்பது, தீர்ப்பையும் நாமே எழுதப் பார்ப்பது. நடுக்கமும் தூக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் கட்டாயம் மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்பதும் நபிமொழிதான்.

அப்புறம், இந்தப் பக்கத்தை அந்தத் தோழரிடம் காட்டுங்கள். கோபம் வந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள். அடுத்த இதழில் அவரோடு நான் பேசிக்கொள்கிறேன். நீங்கள் போய்ப் படியுங்கள்.