தங்கத் துகள் கிணற்றுத் தண்ணீரில் மருந்தை எப்படிக் காட்டும்?

நிலாவெளி வெங்காயத் தோட்டக் கிணற்றில் திராம் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்திருந்தால், நானோ துகள் எனும் கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய துகளும் ஒளிர்வும் அதை எப்படிக் காட்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மணல் நிலமான எங்கள் திருகோணமலைக் கரைக்கு அவசியமான கேள்வி.

ரோடமின் பி சாயம் பச்சை ஒளி பட்டால் செம்மஞ்சளாக ஒளிரும். மாதுளைச் சாறு போலச் சிவந்த தங்க நானோ கரைசலை, 13 நானோமீட்டர் துகள் என்று வையுங்களேன், அதில் விட்டால் சாயம் துகளில் ஒட்டிக்கொள்ளும். அதன் சக்தியைத் தங்கம் வாங்கிக்கொள்ள, ஒளிர்வு அணையும். அப்புறம் திராம் வந்தால்? அதிலுள்ள கந்தகம் தங்கத்தை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். இடம் இழந்த சாயம் மறுபடி ஒளிரும். திரும்பிய ஒளியை அளந்தால் திராமின் அளவு தெரியும்.

கடலோரக் கிணறு என்றால் கவனம். உப்பு கூடினாலே துகள்கள் திரண்டு கரைசல் நீலமாகிவிடும், அளவும் பிழையாகிவிடும். அதே அளவு உப்புள்ள, மருந்தில்லாத தண்ணீரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.